தாளக்காரர் எழுந்து போன பிறகு

எக்ஸ்டிசி இசைக்குழுவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அதை 1982இல் இரண்டாக வெட்டுவது வழக்கம். அந்த ஆண்டு மார்ச்சில், பாரிஸில் நிகழ்ச்சி தொடங்கிய சற்று நேரத்திலேயே பாடகர் ஆண்டி பார்ட்ரிஜ் நிலைகுலைந்து மேடையை விட்டு வெளியேறினார். ஏப்ரலில் அமெரிக்கப் பயணமும் தொடக்கத்திலேயே நின்றுபோனது. அதன்பின் அந்தக் குழு இசைப் பயணம் எதுவும் போகவில்லை. ஆகவே மேடையேறிய எக்ஸ்டிசி ஒன்று, ஒலிப்பதிவுக் கூடத்துக்குள்ளேயே இருந்துவிட்ட எக்ஸ்டிசி இன்னொன்று என்று இரண்டு குழுக்கள் இருந்தது போலப் பேசப்படுகிறது. முதலாவதற்குத் துடுக்கு, இரண்டாவதற்குக் கனிவு. 1986இல் வந்த 'ஸ்கைலார்க்கிங்' சிகரம். பல ஆண்டுகளாக நிலைத்துவிட்ட தீர்ப்பு இது.

ஆண்டு சரிதான். காரணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அதே 1982 முடிவதற்குள் டிரம்மர் டெர்ரி சேம்பர்ஸ் குழுவிலிருந்து விலகினார். 1978 முதல் 2000 வரை வெளிவந்த பன்னிரண்டு ஆல்பங்களையும் அடுத்தடுத்துக் கேட்டால், பார்ட்ரிஜின் மேடை அச்சத்தைவிட இந்த விலகல்தான் இசையின் போக்கை ஆழமாக மாற்றியிருப்பது காதில் விழும். பாட்டு எதன் மேல் நிற்கிறது என்ற கேள்விக்கு 1982 வரை ஒரே விடை இருந்தது. பிறகு ஒவ்வொரு ஆல்பமும் புதிதாக ஒரு விடையைத் தேட வேண்டியதாயிற்று. இந்தக் குழுவின் புகழ்பெற்ற பன்முகத்தன்மையில் பெரும்பகுதி அந்தத் தேடலிலிருந்து பிறந்தது. தேடலில் எது வென்றது, எது தோற்றது என்று பிரித்துப் பார்க்காமல் எல்லாமே அருமை என்று சொல்லிவிடுவது இவ்வளவு உழைத்த கலைஞர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

ஸ்விண்டன், இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் உள்ள ரயில்வே ஊர். கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் பெரும் பணிமனையைச் சுற்றி வளர்ந்தது. பார்ட்ரிஜ், பேஸ் கித்தார் வாசித்த காலின் மோல்டிங், சேம்பர்ஸ் மூவரும் எழுபதுகளின் தொடக்கத்திலிருந்தே அங்கே சேர்ந்து வாசித்தவர்கள். பங்க் அலை எழுந்த 1977இல் வர்ஜின் நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்தது. அடுத்த ஆண்டே ஜான் லெக்கியின் தயாரிப்பில் 'ஒயிட் மியூசிக்', 'கோ 2' என்று இரண்டு ஆல்பங்கள் வந்துவிட்டன. இரண்டிலும் ஆர்கன் வாசித்த பாரி ஆண்ட்ரூஸின் கைதான் முன்னால் நிற்கிறது. பாட்டுகள் ஓடுகின்றன, தாவுகின்றன, திடீரென நிற்கின்றன. இன்று கேட்டால் அந்தப் பதற்றம் சுவையாகவே இருக்கிறது. ஆனால் நான்கு பேரும் ஒரே நேரத்தில் கவனத்தைக் கேட்பதால் எந்தப் பாட்டும் வேர் பிடிப்பதில்லை. 'கோ 2'வைப் பற்றி இன்று அதிகம் நினைவுகூரப்படுவது அதன் அட்டைதான். ஹிப்னாசிஸ் வடிவமைப்புக் குழு கறுப்புப் பின்னணியில் வெறும் எழுத்துகளை அடுக்கி, ஓர் இசைத்தட்டின் அட்டை வாங்குபவரை எப்படி ஈர்க்கிறது என்று அந்த அட்டையையே விளக்கச் செய்தது. ஓர் ஆல்பத்துக்கு அதன் அட்டை மட்டும் நினைவில் நிற்பது பெருமைக்குரிய செய்தி இல்லை.

ஆண்ட்ரூஸ் விலகி, கித்தார் வாசிக்கும் டேவ் கிரெகரி 1979இல் வந்தார். ஆர்கன் நிரப்பியிருந்த இடம் காலியானது. அந்த இடத்தில் சேம்பர்ஸ் கேட்கத் தொடங்கினார். 'டிரம்ஸ் அண்ட் வயர்ஸ்' என்ற தலைப்பே ஆல்பத்தின் கட்டுமானத்தை அறிவித்துவிடுகிறது: முரசுகளும் கம்பிகளும். தயாரிப்பாளர் ஸ்டீவ் லில்லிவைட், ஒலிப்பதிவாளர் ஹியூ பாட்ஜம், இடம் லண்டனின் டவுன்ஹவுஸ். பின்னால் இதே இருவர் பீட்டர் கேப்ரியலின் மூன்றாவது ஆல்பத்தில் ஃபில் காலின்ஸை வைத்து உருவாக்கிய டிரம்ஸ் ஒலி எண்பதுகள் முழுவதையும் ஆட்டிவைத்தது. அந்த ஒலியை நோக்கிய நடையில் இந்த ஆல்பத்துக்கும் பங்கு உண்டு.

மோல்டிங் எழுதிய 'மேக்கிங் பிளான்ஸ் ஃபார் நைஜல்' பாட்டை எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் பட்டியலில் 17ஆம் இடம் வரை ஏறி, குழுவை வீடுகளுக்குள் கொண்டுசேர்த்த பாட்டு இது. மகனின் வாழ்க்கையைத் தாங்களே திட்டமிட்டுவிட்ட பெற்றோர் பேசுகிறார்கள். சாதாரணமாக ஒரு ராக் பாட்டில் ஹை-ஹேட் என்ற சிறு தாளத்தட்டு சீராக ஒலித்துக் காலத்தைக் காக்கும். டாம் எனப்படும் தாழ்ந்த குரல் முரசுகள் திருப்பங்களில் மட்டும் உருளும். இங்கே வேலை மாறிவிட்டது. டாம்கள் விடாமல் அதே சுழற்சியை அடித்துக்கொண்டே இருக்கின்றன. தொழிற்சாலை இயந்திரத்தின் நடை அது. நைஜல் போகப்போகும் இடம் உருக்காலை என்பதைச் சொற்கள் சொல்வதற்கு முன்பே முரசு சொல்லிவிடுகிறது. சேம்பர்ஸ் வித்தை காட்டுகிற டிரம்மர் கிடையாது. ஒரு வடிவத்தை எடுத்தால் அதை வளைக்காமல், தளர்த்தாமல், பாட்டு முடியும்வரை கொண்டுபோகும் பிடிவாதம்தான் அவருடைய கலை. அந்தப் பிடிவாதத்தின் மேல் நின்றுகொண்டு பார்ட்ரிஜால் எவ்வளவு கோணலாகவும் பாட முடிந்தது. ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'காம்ப்ளிகேட்டட் கேம்' முணுமுணுப்பில் தொடங்கி அலறலில் முடிகிறது. அந்த அலறல் வெறும் கூச்சலாகாமல் நிற்பதற்குக் கீழே தளராத தரை இருப்பதே காரணம்.

1980இன் 'பிளாக் சீ' இதே அணி இன்னும் அடர்த்தியாகச் செய்த வேலை. லண்டனைக் கட்டி எழுப்பிய கூலியாட்களைப் பற்றிய 'டவர்ஸ் ஆஃப் லண்டன்' பாட்டில் சம்மட்டி விழும் கனம் இருக்கிறது. ஏழு நிமிடம் நீளும் 'டிராவல்ஸ் இன் நிஹிலான்' ஏறக்குறைய முழுக்க முழுக்க டாம்களின் மேல் கட்டப்பட்டது. அதில் மெட்டு இரண்டாம்பட்சம். ஒரு மேடைக்குழு எந்த அளவு இறுக்கமாகலாம் என்பதற்கு இந்த ஆல்பம் சான்று. ஆனால் அந்த இறுக்கம் முழு ஆல்பத்துக்கும் ஒரே வெப்பநிலையைத் தந்துவிடுகிறது. பதினொரு பாட்டிலும் கைமுட்டி மூடியே இருக்கிறது.

கைமுட்டி திறப்பது 1982 பிப்ரவரியில் வந்த 'இங்கிலிஷ் செட்டில்மென்ட்'டில். பதினைந்து பாட்டுகள் கொண்ட இரட்டை ஆல்பம். அட்டையில், ஸ்விண்டனுக்குப் பக்கத்துக் குன்றில் சுண்ணாம்புக் கோடுகளாகப் பதிந்திருக்கும் தொல்பழங்கால அஃபிங்டன் வெள்ளைக் குதிரை. பன்னிரண்டு கம்பிக் கித்தாரும், மரக் கித்தாரும், கட்டையில்லாத பேஸ் கித்தாரும் உள்ளே வருகின்றன. பாட்டுகளில் கிராமமும் வரலாறும் நுழைகின்றன. பின்னாளில் 'ஸ்கைலார்க்கிங்'குக்குக் கிடைத்த புகழுரைகளில் பாதி, அதாவது ஆங்கில நிலவெளி, பருவம், மரக்கருவிகளின் ஈரம் எல்லாம், இங்கேயே முளைத்துவிட்டவை. வேறுபாடு ஒன்றே: இங்கே சேம்பர்ஸ் இருக்கிறார்.

அவர் இருப்பதால் என்ன நடக்கிறது? 'சென்ஸஸ் வொர்க்கிங் ஓவர்டைம்' ஒரு நாட்டுப்புறப் பாட்டின் எளிமையோடு, ஏறக்குறைய இடைக்கால இசையின் வறண்ட தொனியோடு தொடங்குகிறது. பல்லவிக்கு வரும்போது முழுத் தாளமும் எழுகிறது. மண்ணும் தொழிற்சாலையும் ஒரே பாட்டில் சந்திக்கின்றன. இந்தக் குழுவின் பாட்டுகளில் பிரிட்டிஷ் பட்டியலின் முதல் பத்துக்குள் போனது இது ஒன்றுதான். 'இங்கிலிஷ் ரவுண்டபவுட்' போக்குவரத்து நெரிசலில் சிக்கியவனின் பாட்டு. ஐந்தின் கணக்கில் ஓடுகிறது. மேற்கத்திய பாப் பாட்டில் ஐந்து வந்தால் அறிவைக் காட்டும் முயற்சியாகத் தெரியும். கண்டசாபு கேட்டுப் பழகிய காதுகள் அதிலுள்ள இயல்பான ஓட்டத்தை உடனே பிடித்துக்கொள்ளும். சேம்பர்ஸ் அதை ஒரு புதிராக வாசிக்கவில்லை. ஐந்தில் ஒன்று எப்போதும் முந்திக்கொண்டு வருவதால் கேட்பவருக்கு மூச்சு முட்டுகிறது. நெரிசலுக்கு வேறென்ன வேண்டும்? 'நோ தக்ஸ் இன் அவர் ஹவுஸ்' தங்கள் பையன் ஓர் இனவெறிக் குண்டன் என்பதைப் பார்க்க மறுக்கும் நடுத்தர வர்க்கப் பெற்றோரைப் பற்றியது. அதிலுள்ள கோபத்தின் பெரும்பங்கைச் சுமப்பது டிரம்ஸ்.

இந்த ஆல்பத்தில் குறை இல்லாமலில்லை. 'மெல்ட் தி கன்ஸ்' நியாயமான கருத்தைத் தேவைக்கு மேல் நீட்டுகிறது. 'லெஷர்', 'டவுன் இன் தி காக்பிட்' இரண்டையும் எடுத்துவிட்டால் யாருக்கும் இழப்பில்லை. அமெரிக்க நிறுவனம் முதலில் பத்துப் பாட்டுகளாகச் சுருக்கி ஒற்றைத் தட்டாக வெளியிட்டது. அது வணிகத்துக்காகச் செய்த வெட்டு. அதற்காக, வெட்டத் தக்க சதை இருந்தது என்பதை மறுக்க முடியாது.

பிறகு வந்ததுதான் முறிவு. மேடை வேண்டாம் என்று பார்ட்ரிஜ் முடிவெடுத்தபின் மென்மையான பாட்டுகள் வரத் தொடங்கின. மேடைக்காகவே வார்க்கப்பட்ட டிரம்மருக்கு அங்கே வேலை குறைந்தது. 'மம்மர்' பதிவின்போதே சேம்பர்ஸ் போய்விட்டார். அந்த ஆல்பத்தில் அவர் வாசித்தவை 'பீட்டிங் ஆஃப் ஹார்ட்ஸ்', 'வொண்டர்லேண்ட்' என்ற இரண்டு பாட்டுகள் மட்டுமே. முதல் பாட்டாக வைக்கப்பட்ட 'பீட்டிங் ஆஃப் ஹார்ட்ஸ்', ஒரே சுருதியில் மீட்டும் கித்தாரும் கீழே அதிரும் முரசுமாக அசையாமல் நிற்கிறது. மற்ற பாட்டுகளில் பீட் ஃபிப்ஸ் வாசித்தார். நேர்த்தியானவர், பழுது சொல்ல ஒன்றுமில்லை. 'லவ் ஆன் எ ஃபார்ம்பாய்ஸ் வேஜஸ்' போன்ற அழகான பாட்டும் உண்டு. ஆனால் ஆல்பத்தின் நடுப்பகுதியில் பாட்டுகள் ஒன்றோடொன்று கரைகின்றன. பிரிட்டிஷ் பட்டியலில் முந்தைய ஆல்பம் 5ஆம் இடம், இது 51ஆம் இடம். விற்பனை எப்போதும் தரத்தின் அளவுகோல் ஆகாது. எனினும் இந்தச் சரிவுக்கு விளம்பரக் குறைவை மட்டும் காரணமாகச் சொல்வது தப்பித்தல்.

1984இன் 'தி பிக் எக்ஸ்பிரஸ்' ஸ்விண்டனின் ரயில் வரலாற்றையே எடுத்துக்கொண்ட ஆல்பம். சக்கர வடிவில் வட்டமான அட்டை. இப்படியொரு பொருளுக்குச் சேம்பர்ஸின் இரும்பு நடையைவிடப் பொருத்தமான தாளம் இருக்க முடியுமா? அவர் போய் இரண்டு ஆண்டாகிவிட்டது. அவர் இடத்தில் ஃபிப்ஸும் லின்டிரம் இயந்திரமும். பதிவின் மேல் பதிவு குவிகிறது, ஓசை பெருகுகிறது, எடை மட்டும் ஏறவில்லை. இயந்திரத்தைப் பற்றிய ஆல்பத்தில் இயந்திரமே தாளம் போடுவது கருத்தளவில் சரி என்று வாதிடலாம். காது அதை ஏற்பதில்லை. மனிதன் இயந்திரமாகும் அவலம் 'நைஜல்' பாட்டில் கேட்டது, ஒரு மனிதன் இயந்திரம்போல வாசித்ததால்தான்.

இதற்கு நடுவே ஒரு விளையாட்டு, ஒரு விதத்தில் இவர்களைக் காப்பாற்றியது. 1985 ஏப்ரல் முதல் நாள், 'டியூக்ஸ் ஆஃப் ஸ்ட்ராடோஸ்ஃபியர்' என்ற பெயரில், அறுபதுகளின் சைக்கடெலிக் இசைப் பாணியில் ஆறு பாட்டுகளை வெளியிட்டார்கள். பெயர்களும் புனைபெயர்கள். மீண்டும் ஜான் லெக்கி தயாரிப்பு. டிரம்ஸ் வாசித்தவர் கிரெகரியின் தம்பி இயன். குறைந்த பணம், குறைந்த நாள், 1967-68ஐத் தாண்டக் கூடாது என்ற கட்டு. அந்தக் கட்டுக்குள் பார்ட்ரிஜ் மூச்சு விட்டது தெளிவாகக் கேட்கிறது. தாளத்தின் பிரச்சினையை அவர்கள் தீர்க்கவில்லை. ஆனால் இன்னொரு காலத்தின் உடையைப் போட்டுக்கொண்டதால் பிரச்சினை மறைந்துவிட்டது.

என் வாதத்துக்கு வலுவான எதிர்ச்சான்று 'ஸ்கைலார்க்கிங்'. அதை நழுவிப் போகக் கூடாது. தயாரிப்பாளர் டாட் ரண்ட்கிரென் மாதிரிப் பதிவுகளைக் கேட்டு, ஒலிப்பதிவுக்கு முன்பே பாட்டுகளைத் தேர்ந்து வரிசையும் அமைத்துவிட்டார். கோடை முதல் குளிர்காலம் வரை, காதல் முதல் மரணம் வரை ஓடும் ஒரு வட்டம் அது. மோல்டிங்குக்கு ஐந்து பாட்டுகள் கிடைத்தன. தன் ஆல்பம் தன் கையில் இல்லை என்று பார்ட்ரிஜ் கொதித்தார். அவருக்கும் ரண்ட்கிரெனுக்கும் நடந்த மோதல் இன்றும் கதையாகப் பேசப்படுகிறது. அந்த மோதல் ஆல்பத்துக்கு நன்மையே செய்தது. பூச்சிகளின் ரீங்காரத்தோடு தொடங்கும் 'சம்மர்ஸ் கால்ட்ரன்' இடைவெளியின்றி 'கிராஸ்' பாட்டுக்குள் வழிவதைப் போன்ற இணைப்பு இவர்களின் வேறு எந்த ஆல்பத்திலும் இல்லை. 'பாலே ஃபார் எ ரெய்னி டே' முடிந்து, கிரெகரி கோத்த தந்தி இசையில் '1000 அம்ப்ரெல்லாஸ்' சுழன்று இறங்கும்போது, மழை நின்றபின் வரும் துயரம் காதுக்குள் விரிகிறது. முதல் பக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

இரண்டாம் பக்கம் வேறு கதை. டிரம்ஸ் வாசித்த பிரெய்ரி பிரின்ஸ் திறமைசாலி. ஆனால் அவர் பகுதிகள் பெரும்பாலும் பின்னர் சான் பிரான்சிஸ்கோவில் சேர்க்கப்பட்டவை. பாட்டு முதலில், தாளம் பிறகு. 'எர்ன் இனஃப் ஃபார் அஸ்' ஒரு தொழிலாளிக் குடும்பத்தின் வறுமையைப் பாடுகிறது. நியாயமாக அது உடலை உலுக்க வேண்டும். இங்கே அது பளபளவென்று கடந்துபோகிறது. இதில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: மூலப்பதிவில் ஒலியின் துருவம் தலைகீழாகப் போயிருந்தது பல ஆண்டுகள் கழித்துத்தான் கண்டறியப்பட்டது. 2010இல் வந்த திருத்திய பதிப்பில் தாழ்ந்த ஓசைகள் திரண்டு வருகின்றன. மெலிவில் ஒரு பங்கு தொழில்நுட்பக் கோளாறு. மீதிப் பங்கு வாசிப்பில் இருக்கிறது. திருத்தியும் அது போகவில்லை.

'டியர் காட்' பற்றியும் சொல்லியாக வேண்டும். முதலில் ஆல்பத்தில் இடம்பெறாமல் 'கிராஸ்' ஒற்றைத்தட்டின் மறுபக்கத்தில் வந்த இந்தப் பாட்டை அமெரிக்க வானொலிகள் பிடித்துக்கொண்டன. உடனே அமெரிக்கப் பதிப்பில் 'மெர்மெய்ட் ஸ்மைல்ட்' நீக்கப்பட்டு இது நுழைந்தது. ஒரு குழந்தையின் குரலில் தொடங்கும் துணிச்சல் பெரியது. ஆனால் கடவுள் மறுப்பின் வலுவான வாதங்கள் எதையும் பாட்டு வளர்த்தெடுக்கவில்லை. கோபத்தின் பட்டியலாக நின்றுவிடுகிறது. பருவங்களின் சுழற்சியை எந்தக் கசப்பும் இல்லாமல் ஏற்கும் ஓர் ஆல்பத்தின் நடுவில் அது அந்நியமாக உட்கார்ந்திருக்கிறது. முதல் வரிசையே சரி.

1989இல் வந்த 'ஆரஞ்சஸ் அண்ட் லெமன்ஸ்' லாஸ் ஏஞ்சலஸில், பால் ஃபாக்ஸ் தயாரிப்பில், பாட் மாஸ்டலோட்டோ டிரம்ஸ் வாசிக்கப் பதிவானது. பதினைந்து பாட்டுகள். எல்லாப் பதார்த்தத்தையும் ஒரே வீச்சில் பரிமாறிய இலை இது. எதைத் தொட்டாலும் ருசி, சாப்பிட்டு முடிக்க முடிவதில்லை. 'தி மேயர் ஆஃப் சிம்பிள்டன்' பாட்டில் மோல்டிங்கின் பேஸ் கித்தார் தனியாகவே ஒரு பாட்டுப் பாடுகிறது. கடைசியில் வரும் 'சாக்ஹில்ஸ் அண்ட் சில்ட்ரன்' மட்டும் கூட்டத்திலிருந்து விலகி மிதக்கிறது, தாளத்தின் பாரம் ஏறக்குறைய இல்லாமல். 1992இன் 'நான்சச்' பற்றி நீட்ட வேண்டியதில்லை: பதினேழு பாட்டுகள், நாட்டார் இசையில் பெயர்பெற்ற டேவ் மாட்டக்ஸின் கண்ணியமான டிரம்ஸ், நிறைய நல்ல பாட்டு, ஒரு முகமும் இல்லை. அதில் என்னை நிறுத்துவது 'ரூக்'. பியானோவே முதுகெலும்பாக நிற்கும் பாட்டு. தாளக்கருவியை எதிர்பார்க்காமலேயே பார்ட்ரிஜால் ஒரு பாட்டை நிறுத்த முடியும் என்பதற்கு அது முதல் பெரிய அடையாளம்.

பிறகு நீண்ட மௌனம். ஒப்பந்தத்தின் அநியாயத்துக்கு எதிராக வர்ஜினுக்கு எதையும் பதிவு செய்து தர மறுத்து, ஆண்டுக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். விடுதலையானபின் 1999இல் வந்த 'ஆப்பிள் வீனஸ் வால்யூம் 1' வேறு உலகம். ஆர்கெஸ்ட்ராவும் மரக் கித்தாரும். கித்தாருக்கு இடம் குறைந்த நிலையில், பணி நடந்துகொண்டிருக்கும்போதே கிரெகரி விலகினார். அந்த இழப்பு சிறியதில்லை. ஆனால் ஆல்பத்தைத் தொடங்கும் 'ரிவர் ஆஃப் ஆர்கிட்ஸ்' பதினேழு ஆண்டுத் தேடலுக்கு விடை சொல்கிறது. நீர்த்துளி விழும் ஓசை, விரலால் சுண்டும் தந்திகள், ஊதுகுழல்கள், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும் குரல்கள். ஒவ்வொன்றும் சிறு வடிவம், திரும்பத் திரும்ப வருகிறது, வெவ்வேறு இடத்தில் மோதுகிறது. டிரம்ஸே இல்லை, ஆனால் பாட்டு முழுக்க லயம். சேம்பர்ஸிடம் இருந்த அந்தப் பிடிவாதமான மறுசுழற்சியை இப்போது ஆர்கெஸ்ட்ரா ஏற்றுக்கொண்டிருக்கிறது. 'ஈஸ்டர் தியேட்டர்', 'கிரீன்மேன்' போன்றவற்றில் டிரம்ஸ் வருகிறது, துணையாக வருகிறது. பாட்டின் பாரம் இசைக்கோப்பின் மேல் விழுகிறது, அது தாங்குகிறது. 'யுவர் டிக்‌ஷனரி' மணமுறிவின் கசப்பில் சற்றுச் சிறுத்துப்போகிறது என்பதைத் தவிர இந்தப் பதினொரு பாட்டில் தளர்ச்சி இல்லை.

ஆகவே என் வரிசை இது. முதலிடம் 'இங்கிலிஷ் செட்டில்மென்ட்'. அதிகப்படியான பாட்டுகள் இருந்தும், நிலவெளியும் கோபமும் உடலும் மூன்றும் ஒன்றாக இருப்பது அங்கே மட்டும்தான். மயிரிழையில் இரண்டாவது 'ஆப்பிள் வீனஸ் வால்யூம் 1'. வடிவச் சுத்தத்தில் அது முதலாவதையும் மிஞ்சும், ஆனால் அதற்குள் நாலு பேர் ஒரே அறையில் வியர்த்து வாசிக்கும் ஆபத்து கிடையாது. மூன்றாவது 'ஸ்கைலார்க்கிங்', அதன் முதல் பக்கத்துக்காக. அதற்குப் பின் 'பிளாக் சீ', 'டிரம்ஸ் அண்ட் வயர்ஸ்'. புதிதாகக் கேட்க வருபவர் 'ஸ்கைலார்க்கிங்'கிலிருந்து தொடங்கினால், இந்தக் குழுவை நயமான மெட்டுக்காரர்களாக மட்டும் அறிந்து திரும்பிவிடக்கூடும். 'டிரம்ஸ் அண்ட் வயர்ஸ்'இலிருந்து தொடங்குபவருக்கு, பின்னால் எது போனது, எது வந்தது என்பது தானாகவே புரியும். ஸ்டீவன் வில்சன் செய்த புதிய கலவையில் கேட்டால் சேம்பர்ஸின் ஒவ்வொரு அடியும் தனியாக நிற்கும்.

2000இல் வந்த 'வாஸ்ப் ஸ்டார்' மறுபடி மின் கித்தாருக்கும் டிரம்ஸுக்கும் திரும்பியது. பெரும்பகுதி இனிமையான, இலேசான வேலை. 'ஸ்டுப்பிட்லி ஹேப்பி' ஒரே கித்தார் சொற்றொடரைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொண்டு ஓடுகிறது, அதன் மகிழ்ச்சி உண்மையானது. ஆல்பத்தின் கடைசிப் பாட்டான 'தி வீல் அண்ட் தி மேபோல்', தனித்தனியாக எழுதிய இரண்டு பாட்டுகளை இணைத்துக் கட்டியது. முதல் பாதியும் இரண்டாம் பாதியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எல்லாம் சிதையும், சிதைவதும் ஆட்டம்தான் என்று பாடிக்கொண்டே சுழல்கின்றன. இருபத்திரண்டு ஆண்டு ஆல்பங்களை முடிக்கும் பாட்டாக அது போதுமானதைவிட அதிகம்.